கட்டட அனுமதியும் கணினி வழியும்

கிழக்குக் கரையோரத் தமிழ்க் குடும்பங்களிலே மகளுக்கு மணம் பேசுமுன் வீடு பேசுவது நெடுங்கால வழக்கம். ஒருத்திக்குத் தாய் குடியிருக்கும் வீடு. அடுத்தவளுக்கு அதே வளவின் பின்புறத்தில் ஒன்று. அவளுக்கும் இளையவளுக்கு முற்றத்தைச் சுருக்கி இன்னொன்று. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த குடியிருப்புகளில் இவ்வழக்கம் இன்றும் மறையவில்லை. மாறியிருப்பது வளவின் அளவு. பாட்டனார் கால் ஏக்கர் வைத்திருந்தார் என்று கொள்வோம். அது நாற்பது பேர்ச். நான்கு பிள்ளைகளுக்குப் பங்கிட்டபோது தலைக்குப் பத்துப் பேர்ச். அந்தப் பத்தையும் தம் இரு பெண்மக்களுக்குப் பிரிக்க நினைக்கும் தந்தை, ஆளுக்கு ஐந்து பேர்ச் என்று கணக்குப் பார்த்து, மேசனையும் வரச்சொல்லி, அத்திவாரத்துக்கு நாளும் வைத்துவிடுகிறார். சபைக் கந்தோருக்கு அவர் போவது அதன் பின்னரே. புதிதாகப் பிரிக்கப்படும் காணித்துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறைதலாகாது என்ற பொது விதியை அங்கேதான் அவர் முதன்முறையாகக் கேட்கிறார். 150 சதுர மீற்றர் என்பது ஏறத்தாழ ஆறு பேர்ச்.

ஒரு பேர்ச் குறைந்தமையால் ஒரு பெண்ணின் சீதன உறுதி இடைநடுவே நிற்கும். பிரிபடாத பங்காக எழுதி வைக்கலாம்; ஆயின் பிரிபடாத பங்கை ஈடாக ஏற்று வீட்டுக்கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். காணியைப் பிரிக்காமல் மேல்மாடி எடுத்தல் ஒரு வழி. அதற்கு அத்திவாரம் வேறு, வரைபடம் வேறு. கல்லும் சீமெந்தும் வந்திறங்கிய பின் இவற்றை அறிவதில் பயனில்லை. கட்டட விண்ணப்பத்தைக் கணினி மூலம் அனுப்பும் வசதியைப் பற்றி இப்போது பலரும் பேசுகின்றனர். அவ்வசதியின் உண்மையான பயன் யாது, அதனால் ஆகாதது யாது என்பதை இத்தந்தையின் நிலையிலிருந்து பார்ப்பதே பொருத்தம்.

கட்டுமுன் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி நேற்று வந்ததன்று. 1914ஆம் ஆண்டு கொழும்பிலே பிளேக் நோய் தோன்றிற்று. காற்றும் வெளிச்சமும் புகாவண்ணம் ஒட்டிக் கட்டிய குடியிருப்புகளின் கேடு அப்போது எவருக்கும் விளங்கியது. மறு ஆண்டிலே 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. உள்ளூராட்சித் தலைவர் எழுத்திலே அங்கீகரித்த வரைபடத்தின்படியன்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. ஒரு வீட்டின் சாளரமும் புறக்கடையும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தது இவ்வாறே. ஸ்கொத்லாந்து நாட்டு அறிஞர் பற்றிக் கெடிஸ் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியதும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். 1921இல் கொழும்பு நகருக்கும் அவர் ஓர் அறிக்கை வரைந்தார். பழைய தெருக்களை முழுவதும் இடித்துத் தள்ளாமல், வேண்டிய இடத்தில் மட்டும் சிறிது திறந்துவிட்டு நகரைப் பிழைக்கச் செய்யலாம் என்பது அவர் கொள்கை. எழுதிய சட்டங்கள் எல்லாம் அந்த இரக்கத்தோடு எழுதப்படவில்லை என்பது வேறு கதை.

பின்னர் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. நகர அபிவிருத்திப் பிரதேசம் என வெளிப்படுத்தப்பட்ட இடங்களில், கட்டுவதற்கும் காணி பிரிப்பதற்கும் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்பது 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு உறுதியாயிற்று. 1986இல் வெளியான திட்டமிடல் கட்டட ஒழுங்குவிதிகள் ஒரு தலைமுறைக் காலம் நின்று நிலைத்தன. அவற்றினிடத்தில் 2021ஆம் ஆண்டு யூலை 8ஆந் தேதிய அதிவிசேட வர்த்தமானி மூலம் புதிய விதிகள் வந்தன. அனுமதியின்றி எழும்பிய கட்டடத்துக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிவான் நீதிமன்றத்தின் கட்டளை பெற்று அதனை இடித்தகற்றுவதற்கும் சட்டம் இடந்தருகிறது. அயலார் ஒருவர் முறையிடும் வரை எல்லாம் அமைதியாகவே இருக்கும். எல்லைச் சண்டை ஒன்று மூளட்டும், அனுமதியில்லாத சுவரே முதலில் பேச்சுக்கு வரும்.

திருகோணமலையில் விண்ணப்பம் எங்கே செல்ல வேண்டும் என்பதே முதற் கேள்வி. நெடுங்காலம் நகர சபையாயிருந்த பட்டினம் இப்போது மாநகர சபை. 2025ஆம் ஆண்டு மே மாதத் தேர்தல் அந்தப் பெயரிலேயே நடைபெற்றது. நகரத்தை விட்டு உப்புவெளிப் பக்கம் போனால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. கொட்டியாரக் குடாவைச் சுற்றிச் சென்றால் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் வேறு சபைகள். ஒரே வீதியின் இரு ஓரங்கள் இரு சபைகளுக்கு உரியனவாதலும் உண்டு. வீட்டுக்கு வரும் ஆதன வரித் துண்டை எடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும். வரி வாங்கும் சபையே அனுமதியும் வழங்கும் சபை.

இனி இவ்வூருக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. பட்டினம் ஒருபுறம் உட்துறைமுகத்துக்கும் மறுபுறம் வங்கக் கடலின் குடாக்களுக்கும் நடுவே நிலம் நீட்டிய குறுகிய கழுத்தின் மேல் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கமாக 300 மீற்றர் வரையும் கரையோர வலயம் என வகுத்திருக்கிறது. அவ்வலயத்துள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். உள்நாட்டு நகரங்களில் நேராத இத்தேவை, திருகோணமலையில் தெருத் தெருவாக நேர்கிறது. அதற்கப்பால் துறைமுக அதிகார சபையின் பொறுப்பிலுள்ள நிலம் குடாவைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது. பிரித்தானியர் 1957இல் கையளித்துச் சென்ற கடற்படைத் தளமும் அதன் அயலும் இன்னொரு பக்கம். கோணேசர் கோயிலைத் தன்னகத்தே கொண்ட பிரட்றிக் கோட்டையின் அருகாமையில் தொல்பொருள் திணைக்களத்தின் கருத்தும் கேட்கப்படும். ஆகவே ஒரு காணியின் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் மூன்று நான்கு ஓடுகின்றன. வேலி ஒன்றே என்று நினைப்பவர் ஏமாறுவர்.

கடற்கரை மக்களுக்கு இந்தக் கோடுகள் புத்தகத்துச் செய்தியல்ல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை வந்து போன பின்னர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரம் வரை மீளக் கட்டலாகாது என அரசாங்கம் அறிவித்தது. பின்னர் அந்த அளவுகள் தளர்த்தப்பட்டன. இடைப்பட்ட காலத்தில், கரையை விட்டால் தொழில் இல்லை, கரையிலே கட்டினால் உதவி இல்லை என்ற நிலையில் மீனவக் குடும்பங்கள் கூடாரங்களிலே காத்திருந்தன. இன்று ஒருவர் கடலோரத்தில் விண்ணப்பிக்கும்போது, எத்தனை மீற்றர் என்ற கேள்விக்குப் பின்னால் அந்தப் பழைய காத்திருப்பும் நிற்கிறது. ஆதலின், அயலவர் சொன்ன தூரத்தை நம்பாது, இன்று நடைமுறையிலுள்ள பின்வாங்கல் எல்லையை எழுத்திலே கேட்டறிதல் நன்று.

கணினி வழி விண்ணப்பம் எவ்வாறு வேலை செய்கிறது என்று இனிப் பார்க்கலாம். கொழும்பு மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் இவ்வழியில் முன்னே சென்றுள்ளன. மற்றைய சபைகள் ஒவ்வொன்றும் தத்தம் ஆற்றலுக்கேற்பப் பின்தொடர்கின்றன. சில இடங்களில் படிவத்தை இறக்கி அச்சிட்டு நிரப்பும் மட்டுக்குமே வசதி உண்டு. சில இடங்களில் கட்டணம் செலுத்தலாம். இன்னும் சில இடங்களில் தொடக்கம் முதல் முடிவு வரை திரையிலேயே நடக்கும். தத்தம் சபையில் எது உண்டு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். முறை மட்டும் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். தேசிய அடையாள அட்டை இலக்கமும் கைப்பேசி இலக்கமும் கொடுத்துக் கணக்கு ஒன்றைத் திறத்தல், விண்ணப்பத்தின் வகையைத் தெரிதல், ஆவணங்களைப் பதிவேற்றுதல், கட்டணம் செலுத்துதல், பின் ஓர் இலக்கம் பெறுதல். அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். இதனை எளிய காரியமாக எண்ணிவிடலாகாது. முன்னர் அந்த ஒரு செய்தியை அறிவதற்கே மூதூர்வாசி ஒருவர் அரைநாள் கூலியை இழந்து கந்தோருக்கு வரவேண்டியிருந்தது.

இங்கே ஒரு பிழை பரவலாக நடைபெறுகிறது. கணினி அறியாதவர் சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குச் சென்று, விண்ணப்பத்தைப் போட்டுத் தரும்படி கேட்கிறார். கடைக்காரர் விரைவை எண்ணித் தம் கைப்பேசி இலக்கத்தையே பதிந்து விடுகிறார். சில வேளைகளில் படவரைஞரின் இலக்கம் பதியப்படுகிறது. வரைபடத்தில் இன்ன குறை உண்டு, இத்தனை நாளுக்குள் திருத்துக என்ற செய்தி வரும்போது, அது வீட்டுக்காரருக்கு எட்டுவதில்லை. அவரோ, சபை தம் கோப்பை அமுக்கி வைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார். கடைக்காரர் தட்டச்சுச் செய்யலாம். கைப்பேசி இலக்கமும் கடவுச்சொல்லும் விண்ணப்பகாரருடையனவாகவே இருத்தல் வேண்டும்.

பதிவேற்ற வேண்டியவை யாவை? காணி உறுதி அல்லது அரச காணியாயின் பிரதேச செயலாளர் வழங்கிய உத்தரவுப் பத்திரம். உரிமம் பெற்ற நில அளவையாளரின் படம். கட்டடத்தின் அளவுக்கேற்ற தகுதியுடையவர் ஒப்பமிட்ட வரைபடம். வரி நிலுவை இல்லை என்பதற்குச் சான்று. வீதி எல்லைச் சான்றிதழ். வரைபடத்திலே கிணறும் மலசலகூடக் குழியும் எங்கே என்று குறித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஐம்பது அடி என்பது நாட்டில் நெடுநாள் வழங்கிவரும் கணக்கு. ஐந்தாறு பேர்ச் காணிகளில் அந்த ஐம்பது அடிக்கு இடம் எங்கே? அயல் வீட்டுக் கிணற்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். மணற்பாங்கான கரையோர நிலத்தில் தண்ணீர் ஆழத்தில் இல்லை. குழியிலிருந்து கிணற்றுக்கு அழுக்குச் செல்ல அதிக நாள் எடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இவ்விடயத்தில் விட்டுக்கொடாமல் நிற்பதைக் குறைகூறுவோர், அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது யார் என்று சிந்திப்பதில்லை. அயற்காணியின் கிணற்றைப் படத்தில் காட்டாது விடுதல் பலர் செய்யும் தந்திரம். பரிசோதகர் நேரில் வரும் நாளிலே அது வெளிப்படும். விண்ணப்பம் மீண்டும் முதற்படிக்கே போகும்.

எல்லாவற்றிலும் பெரிய இடர் உறுதி இல்லாமை. 1983 முதல் 2009 வரை இம்மாவட்டத்து மக்கள் ஒருமுறையன்றிப் பலமுறை வீடுவாசலை விட்டு ஓடினர். பிள்ளைகளைத் தூக்கிய கைக்குப் பெட்டியைத் தூக்க இயலவில்லை. எஞ்சிய பத்திரங்களில் சிலவற்றை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. கந்தோரில் முகம் பார்த்துப் பேசும் உத்தியோகத்தருக்கு, இன்னாரின் காணி இது, தந்தை காலந்தொட்டு இருக்கிறார் என்பது தெரியும். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு ஏதாவது வழி சொல்வார். திரைக்கு அவ்வறிவு கிடையாது. உறுதி என்ற கட்டம் வெறுமையாயின் அடுத்த பக்கம் திறவாது. ஆகவே கணினி வழி, பத்திரம் ஒழுங்காயுள்ளவருக்கு வேகத்தையும், பத்திரம் இழந்தவருக்குப் பூட்டிய கதவையும் தருகிறது. இந்த வேற்றுமையை உணராது, இனி எல்லோரும் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று சொல்லுதல் முழு உண்மையாகாது. சபை வாயிலில் ஒரு மேசையும், அதன் பின்னால் பொறுமையுள்ள ஓர் உத்தியோகத்தரும் தொடர்ந்து இருந்தே ஆகவேண்டும்.

இழந்த உறுதிக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. பதிவு செய்யப்பட்ட உறுதியாயின் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். உறுதி இலக்கம் மறந்துபோயினும் பழைய நில அளவைப் படம், வங்கி ஈடு, அயற்காணியின் உறுதியில் எல்லையாகக் குறித்த பெயர் முதலியவற்றைக் கொண்டு தேடலாம். அரச காணி உத்தரவுப் பத்திரமாயின் பிரதேச செயலகத்துப் பேரேட்டில் அதன் பதிவு இருக்கும். உரியவர் இறந்திருப்பின் பின்னுரித்தாளர் பெயர் மாற்றம் வேறு வேலை. இவை முடிய மாதக்கணக்காகும். மகளின் திருமணத்துக்கு இரண்டாண்டு இருக்கும்போதே தொடங்குபவர் புத்திசாலி.

கணினியில் அனுப்பும் விண்ணப்பம் சட்டத்தின் முன் செல்லுமா என்று ஐயுறுவோர் உண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், மின்வடிவ ஆவணத்துக்கும் ஒப்பத்துக்கும் சட்ட ஏற்பு வழங்கியிருக்கிறது. ஆயின் அதே சட்டம் சிலவற்றை விலக்கியும் வைத்திருக்கிறது. மரண சாசனம், அற்றோணித் தத்துவம், அசையாச் சொத்தின் விற்பனையும் கைமாற்றமும் ஆகியன அவ்விலக்கில் அடங்கும். வீடு கட்டும் விண்ணப்பம் கம்பியேறிப் போகலாம். வீட்டைச் சீதனமாக எழுதும் உறுதி நொத்தாரிசின் முன், சாட்சிகளின் முன், தாளிலேதான் நிறைவேற வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் மகன் மின்னஞ்சலில் அனுப்பிய அற்றோணித் தத்துவப் படத்தை வைத்துக்கொண்டு காணி அலுவல் பார்க்க முனைவோர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ் என அரசியலமைப்பு கூறுகிறது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் அதனைத் தெளிவாக்கியது. ஆகவே திருகோணமலையில் ஒருவர் தமிழில் விண்ணப்பித்துத் தமிழில் விடை பெறுவது உரிமை, சலுகையன்று. கந்தோர் மேசையில் இவ்வுரிமை பெரும்பாலும் நடைமுறையில் உள்ளது. கணினித் திரையிலோ முகப்புப் பக்கம் மும்மொழியில் மின்ன, குறை கூறும் வரி மட்டும் ஆங்கிலத்தில் வந்து நிற்பதுண்டு. முக்கியமான வரி அதுவே. விளங்காதவர் அதனை ஊகித்து வேறொன்றைத் திருத்தி அனுப்புவார். தமிழில் தருமாறு எழுத்திலே கேட்கலாம், கேட்க வேண்டும். நிராகரித்த காரணம் கூறப்படாவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கவும் வழியுண்டு. பதினான்கு வேலை நாட்களுள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் கூறுதல் வேண்டும்.

கட்டணத்துக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் தேதி தொடங்கிய கவ்பே என்னும் அரச செலுத்துமுறை வந்திருக்கிறது. உள்ளூராட்சிச் சபைகள் படிப்படியாக அதிற் சேர்கின்றன. பற்றுச்சீட்டின் படத்தைக் கைப்பேசியில் மட்டும் வைத்திராது ஓர் அச்சுப் பிரதியும் எடுத்து வைப்பது நன்று. கைப்பேசி தண்ணீரில் விழும்.

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்கின்றனர்? இங்கிலாந்திலே 2002ஆம் ஆண்டு முதல் திட்ட விண்ணப்பங்களுக்கான பொது இணைய வாயில் இருந்து வருகிறது. அங்கே குறிப்பிடத்தக்கது வேகமன்று. ஒருவர் அனுப்பிய வரைபடத்தை அயலார் எவரும் சபையின் பதிவேட்டில் திறந்து பார்த்து, தம் கருத்தையும் எழுதலாம். வேலியோரச் சண்டைகளில் பாதி, சுவர் எழுமுன்னரே தாளில் பேசித் தீர்ந்துவிடும். நம் நாட்டில் அயலவர் வரைபடத்தைக் காண்பது சுவர் எழுந்த பிறகே. தமிழ்நாட்டிலோ 2024ஆம் ஆண்டு யூலை 22ஆந் தேதி சுயசான்று முறை ஒன்று தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர், விதிகளின்படியே கட்டுவதாகத் தாமே உறுதி கூறி இணையத்தில் உடனே அனுமதி பெறலாம். கேட்கும்போது இனிக்கும் இம்முறையில் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் தோளிலே விழுகிறது. பிழை பிந்தி வெளிப்படும். கோடுகள் பல குறுக்கிடும் திருகோணமலை போன்ற ஊருக்கு, முன்கூட்டிப் பார்த்துச் சொல்லும் முறையே தகும்.

அவ்வாறு முன்கூட்டிக் கேட்பதற்குப் பூர்வாங்கத் திட்ட அனுமதி என்றொரு படி நம் விதிகளிலேயே இருக்கிறது. முழு வரைபடம் கீறுவிக்காமல், இக்காணியில் இன்னது கட்டலாமா, எந்தத் திணைக்களங்களின் இசைவு வேண்டும், வீதிக்கு எவ்வளவு விட வேண்டும் என்று முதலில் கேட்டறியும் வழி அது. கால் ஏக்கரின் கால்பங்கை இரண்டாகப் பிரிக்க நினைத்த தந்தை முதலில் அனுப்பியிருக்க வேண்டிய விண்ணப்பம் இதுவே. பிரிக்க இயலாது என்ற விடை மேசன் வருமுன்னரே கிடைத்திருக்கும். பத்துப் பேர்ச்சிலும் கீழொரு வீடு, மேலொரு வீடு என்று வரைபடம் கீறுவித்து, இரு மக்களையும் ஒரே வளவில் குடியமர்த்த அவருக்கு வழி பிறந்திருக்கும்.

அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என எண்ணுதலும் தவறு. அனுமதிப்பத்திரம் பொதுவாக ஓராண்டுக்கே செல்லும்; அதற்குள் முடியாவிடின் காலாவதியாகுமுன் நீடிப்புக் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் வர வரச் சுவர் எழுப்பும் குடும்பங்களில் இத்தேதி எளிதில் மறக்கப்படுகிறது. கட்டி முடித்தபின், அங்கீகரித்த படத்தின்படியே கட்டியதாகச் சபை தரும் அமைவுச் சான்றிதழைப் பெற வேண்டும். அதனைக் கேட்டே பெறல் வேண்டும்; தானாக வீடு தேடி வராது. வீட்டை ஈடு வைக்கும்போது வங்கி கேட்கும் பத்திரங்களுள் அதுவும் ஒன்று. படத்தில் இல்லாத ஒரு பத்தியோ, குசினிக்குப் பின்னால் இறக்கிய ஒரு தாழ்வாரமோ சான்றிதழைத் தடுத்து நிறுத்தும். கணினியில் எவ்வளவு வேகமாய் விண்ணப்பித்தாலும், அந்த இறுதி நாளில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவுநாடாவோடு வளவுக்குள் வந்து, பின்புற வேலியிலிருந்து சுவர் வரை நடந்து அளந்தே செல்வார்.